எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. – அந்த இரண்டு வரிகள் சொல்வது என்ன?

(மூன்றாம் ஆண்டு, கெமிக்கல் பிரிவு)



வீட்டில் யாருக்காவது காமாலை, விடாத காய்ச்சல், ஓயாத அசதி என்று வந்தால் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார். சாயங்காலம் லேபிலிருந்து ஒரு தாள் வரும். அதில் நடுவில் இரண்டு வரி இருக்கும். எஸ்.ஜி.ஓ.டி. என்று ஒன்று, எஸ்.ஜி.பி.டி. என்று ஒன்று. பக்கத்தில் ஆளுக்கொரு எண். எண் கூடுதலாக இருந்தால் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்ததும் வீட்டில் பாதிப் பேருக்கு உயிர் போய்விடும். மீதிப் பேர், "எல்லாம் நார்மல்னு போட்டிருக்கு, ஒண்ணும் இல்ல" என்று தாளை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி விடுவார்கள். இரண்டுமே தவறாகப் போகலாம்.

அந்த இரண்டு பெயர்களும் இரண்டு என்சைம்களின் பெயர்கள். அவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்துக்கு டிரான்ஸ்அமினேஸ் என்று பெயர். நம் வயிற்றில் இருக்கும் பாக்டீரியாவிலிருந்து, வயலில் நிற்கும் நெல், தொழுவத்தில் நிற்கும் மாடு, கிளாஸில் உட்கார்ந்திருக்கும் நாம் வரை எல்லா உயிரிலும் இந்தக் குடும்பம் உண்டு. ரியாக்டர், கேட்டலிஸ்ட் என்று படிக்கிற எனக்கு, நம் உடம்புக்குள்ளேயே இவ்வளவு நேர்த்தியான கேட்டலிஸ்ட் இருக்கிறது என்று தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிகல் நண்பர்களுக்கும் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன்.

1. சேமிக்க முடியாத சரக்கு

பருப்பு, முட்டை, மீன், பால் எதைச் சாப்பிட்டாலும் அதில் இருக்கும் புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைகிறது. புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள் மொத்தம் 20. உடம்பு இவற்றை எடுத்துத் தனக்கு வேண்டிய புரதங்களைக் கட்டிக்கொள்கிறது. பழைய புரதங்களும் தினமும் உடைந்து அமினோ அமிலங்களாகத் திரும்பி வருகின்றன.

மிச்சம் என்ன ஆகும்? சர்க்கரை மிஞ்சினால் கிளைகோஜனாக அடுக்கி வைக்கலாம். அதற்கு மேலும் மிஞ்சினால் கொழுப்பாக மாற்றி வைக்கலாம். அமினோ அமிலத்துக்கு மட்டும் உடம்பில் குடோன் கிடையாது. மிஞ்சியதை உடைத்தே ஆக வேண்டும்.

உடைப்பதில் ஒரு சிக்கல். அமினோ அமிலத்தில் கார்பன் சட்டம் ஒன்று. அதன்மேல் நைட்ரஜன் உள்ள அமினோ தொகுதி ஒன்று. கார்பன் சட்டத்தை எரித்து சக்தி எடுக்கலாம், குளுக்கோஸாகவும் மாற்றலாம். நைட்ரஜனை எரிக்க முடியாது. அப்படியே கழன்று வந்தால் அது அமோனியா. அமோனியா ரத்தத்தில் கூடினால் மூளை மயங்கும், உயிருக்கே ஆபத்து. மீனுக்குக் கவலையில்லை, செவுள் வழியாகத் தண்ணீரில் விட்டுவிடும். நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே கல்லீரல் அதை யூரியாவாக மாற்றி சிறுநீரில் அனுப்புகிறது. இந்த யூரியா சுழற்சியை 1932-ல் ஜெர்மனியில் கிரெப்ஸும் ஹென்சலைட்டும் கண்டுபிடித்தார்கள்.

உடம்பின் பல மூலைகளில் உடையும் அமினோ அமிலங்களின் நைட்ரஜனை, அமோனியாவாகக் கீழே சிந்தாமல் கல்லீரலின் யூரியா பட்டறைக்கு எப்படிக் கொண்டு சேர்ப்பது? இந்த இடத்தில்தான் நம் குடும்பம் வேலைக்கு வருகிறது.

2. செங்கல் கை மாற்றுவது போல

கட்டட வேலை நடக்கும் இடத்தில் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைக்குக் கை மாற்றுவார்கள். லாரியில் இருந்த கல் மாடிக்குப் போய்விடும். நடுவில் ஒரு கல்லும் தரையில் விழாது. டிரான்ஸ்அமினேஸ் செய்வது இதே வேலைதான். ஒரு அமினோ அமிலத்திலிருந்து அமினோ தொகுதியை வாங்கி, இன்னொரு கீட்டோ அமிலத்தின் கையில் கொடுக்கிறது. கொடுத்தது கீட்டோ அமிலமாகும்; வாங்கியது அமினோ அமிலமாகும். நடுவில் அமோனியா வெளியே வராது.

நம் இரண்டு என்சைம்கள் செய்யும் வினைகள் இவை:

எஸ்.ஜி.பி.டி.: அலனின் + ஆல்ஃபா கீட்டோ குளூட்டாரிக் அமிலம் ⇌ பைருவிக் அமிலம் + குளூட்டாமிக் அமிலம்

எஸ்.ஜி.ஓ.டி.: அஸ்பார்டிக் அமிலம் + ஆல்ஃபா கீட்டோ குளூட்டாரிக் அமிலம் ⇌ ஆக்ஸலோ அசிட்டிக் அமிலம் + குளூட்டாமிக் அமிலம்

பெயரின் ரகசியமும் இதில் இருக்கிறது. 'எஸ்' என்றால் சீரம். 'ஜி' குளூட்டாமிக், 'ஓ' ஆக்ஸலோ அசிட்டிக், 'பி' பைருவிக், 'டி' டிரான்ஸ்அமினேஸ். இப்போது பல லேப்கள் எஸ்.ஜி.பி.டி.யை ஏ.எல்.டி. என்றும், எஸ்.ஜி.ஓ.டி.யை ஏ.எஸ்.டி. என்றும் போடுகின்றன. அலனின், அஸ்பார்டிக் அமிலம் ஆகியவற்றின் பெயரால் வந்த சுருக்கம் அது. பெயர் வேறு, ஆள் ஒன்றே.

இரண்டு வினைகளிலும் வலது பக்கம் குளூட்டாமிக் அமிலம் வருவதைக் கவனியுங்கள். பல அமினோ அமிலங்களின் நைட்ரஜனும் இந்த ஒரே பாத்திரத்தில் வந்து சேர்கிறது. பிறகு கல்லீரலில் வேறொரு என்சைம் குளூட்டாமிக் அமிலத்திலிருந்து அமோனியாவைப் பிரித்து, அங்கேயே யூரியா சுழற்சிக்குள் தள்ளுகிறது. ஒரு யூரியா மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன். ஒன்று இந்த அமோனியாவிலிருந்து. மற்றொன்று அஸ்பார்டிக் அமிலத்திலிருந்து. அந்த அஸ்பார்டிக் அமிலத்தைத் தயாரித்துக் கொடுப்பதும் எஸ்.ஜி.ஓ.டி.தான்.

அம்புக்குறி இரண்டு பக்கமும் இருக்கிறதே, அதுவும் முக்கியம். எந்தப் பக்கம் சரக்கு கூடுதலோ, அதற்கு எதிர்ப் பக்கம் வினை போகும். பட்டினி கிடக்கும்போது தசைப் புரதம் உடைகிறது. தசை அந்த நைட்ரஜனைப் பைருவிக் அமிலத்தின் மேல் ஏற்றி, அலனினாக ரத்தத்தில் அனுப்புகிறது. கல்லீரல் அலனினை வாங்கி, அதே வினையைத் திருப்பி ஓட்டி, நைட்ரஜனை யூரியாவுக்கும் பைருவிக் அமிலத்தைக் குளுக்கோஸுக்கும் அனுப்புகிறது. அந்தக் குளுக்கோஸ் மறுபடி ரத்தத்துக்கு வருகிறது. விரதம் இருப்பவர் மயங்கி விழாமல் நடமாடுவதில் இந்த என்சைமுக்கும் பங்கு உண்டு.

இந்தக் கைமாற்றத்தை 1937-ல் மாஸ்கோவில் பிரவுன்ஷ்டைன், கிரிட்ஸ்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் புறாவின் மார்புத் தசையில் கண்டார்கள். எல்லா அமினோ அமிலமும் இந்த வழியில் போவதில்லை. லைசின், திரியோனின், புரோலின் ஆகியவை வேறு வழியில் உடைகின்றன. மற்றவற்றில் பெரும்பாலானவைக்கு இதுவே வாசல்.

3. என்சைமின் கையில் இருக்கும் வைட்டமின்

புரதம் மட்டும் தனியாக இந்த வேலையைச் செய்ய முடியாது. அதன் உள்ளே ஒரு சிறிய மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது. பிரிடாக்சல் பாஸ்பேட் என்று பெயர். வைட்டமின் பி6-லிருந்து உண்டாவது. நைட்ரஜனை வாங்கி வைத்துக்கொள்ளும் கை இதுதான்.

வேலை இரண்டு நடையில் நடக்கிறது. முதல் நடையில் அமினோ அமிலம் உள்ளே வந்து பிரிடாக்சலோடு இணைகிறது. அமினோ தொகுதியை அதன் கையில் விட்டுவிட்டு, கீட்டோ அமிலமாக வெளியே போகிறது. இப்போது பிரிடாக்சல், பிரிடாக்சமின் ஆகிவிட்டது. இரண்டாம் நடையில் வேறொரு கீட்டோ அமிலம் வந்து அந்த அமினோ தொகுதியை வாங்கிக்கொண்டு போகிறது. பிரிடாக்சமின் மறுபடி பிரிடாக்சல். கை காலி, அடுத்த ஆளுக்குத் தயார்.

1945-ல் அமெரிக்காவில் எஸ்மண்ட் ஸ்னெல் என்பவர் ஒரு எளிய சோதனை செய்தார். என்சைமே இல்லாமல் பிரிடாக்சலையும் குளூட்டாமிக் அமிலத்தையும் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கினார். பிரிடாக்சமின் உண்டானது. அதாவது இந்த வித்தை வைட்டமினுக்கே தெரியும். ஆனால் சூடு வேண்டும், நேரம் வேண்டும், எந்த அமினோ அமிலம் என்று தேர்ந்தெடுக்கவும் அதற்குத் தெரியாது. அந்த வித்தையை உடம்புச் சூட்டிலேயே பல மடங்கு வேகமாக, சரியான ஆளைப் பார்த்துச் செய்ய வைப்பது புரதத்தின் வேலை. கேட்டலிஸ்ட் பாடத்தில் வேகம், தேர்வு என்று இரண்டு குணம் படிக்கிறோமே, இரண்டுக்கும் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

4. நானூறு இடங்களில் மாறாத நான்கு

பன்றியின் இதயத்திலிருந்து எடுத்த எஸ்.ஜி.ஓ.டி.யில் 412 அமினோ அமிலங்கள் கோத்திருக்கின்றன. ஈ. கோலை பாக்டீரியாவின் அதே என்சைமில் 396. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் சுமார் 40 சதவீத இடங்களில் ஒரே அமினோ அமிலம். பாக்டீரியாவும் பன்றியும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகும் இவ்வளவு ஒற்றுமை!

குடும்பத்தின் தூரத்து உறவுகளையும் சேர்த்தால் ஒற்றுமை குறைகிறது. 1993-ல் சூரிச் நகரத்தில் கிறிஸ்டன் என்பவரின் குழு பலவகை டிரான்ஸ்அமினேஸ்களை வரிசையாக அடுக்கி ஒப்பிட்டது. ஏறக்குறைய 400 இடங்களில் அத்தனையிலும் மாறாமல் நின்றவை நான்கே நான்கு.

ஏன் அந்த நான்கு? அவற்றில் ஒன்று, பன்றி என்சைமின் எண்ணிக்கைப்படி 258-ம் இடத்தில் இருக்கும் லைசின். வைட்டமினைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அமினோ அமிலம் உள்ளே வந்ததும் வைட்டமினை விட்டுக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே இருந்து ஹைட்ரஜனை இங்கிருந்து அங்கே எடுத்துப் போடுவதும் அதுதான். 386-ல் ஒரு ஆர்ஜினின். உள்ளே வரும் அமிலத்தின் கார்பாக்சில் முனையைப் பிடித்து நேராக உட்கார வைக்கும். லேத்தில் சக் மாதிரி என்று மெக்கானிக்கல் நண்பர்கள் நினைத்துக்கொள்ளலாம். பெட் நீளமாகலாம், பெயிண்ட் மாறலாம், கம்பெனி மாறலாம். வேலைப்பொருளைப் பிடிக்கும் இடம் சரியில்லை என்றால் லேத்தே இல்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் கிர்ஷ் என்பவரின் ஆய்வகத்தில் ஈ. கோலை என்சைமின் அந்த லைசினை எடுத்துவிட்டு அலனினை வைத்தார்கள். வேகம் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் விழுந்தது. வெளியிலிருந்து சாதாரண அமீன்களைக் கரைசலில் சேர்த்தபோது கொஞ்சம் வேகம் திரும்பியது. 1989-ல் வெளிவந்த ஆய்வு இது. போன பல்லுக்குப் பதிலாகக் கட்டுப்பல் வைத்துக் கடிக்கிற மாதிரி!

எத்தனையோ கோடி ஆண்டுகளில் மற்ற இடங்களில் எல்லாம் மாற்றம் வந்தது. சிலவற்றால் புது வேலை பிறந்தது: டைரோசினுக்கு ஒரு டிரான்ஸ்அமினேஸ் என்று குடும்பம் பெருகியது. அந்த நான்கு இடங்களில் கை வைத்த உயிர் பிழைக்கவில்லை. மாறாமல் இருப்பதைப் பார்த்தே எது முக்கியம் என்று கண்டுபிடிப்பது உயிரியலில் ஒரு நல்ல வழி.

5. பி6-ம் காச நோய் மாத்திரையும்

வைட்டமின் பி6 இல்லாவிட்டால் இந்தக் குடும்பமே கை இழந்தது மாதிரி. பி6-ஐத் தட்டிப் பறிக்கும் ஒரு மருந்தை நம் ஊரில் ஏராளமானோர் சாப்பிடுகிறார்கள். காச நோய்க்கான ஐசோனியாசிட். இது பிரிடாக்சலோடு இணைந்து அதைச் சிறுநீரில் கொண்டுபோய் விடுகிறது. சாப்பாட்டில் சத்துக் குறைந்தவர்களுக்குக் கை கால் மரமரப்பு, பாதத்தில் எரிச்சல் என்று நரம்புத் தொல்லை வரும்.

இதில் நம் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காச நோய் மருந்தாய்வு மையம், ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு இணையாக வீட்டில் இருந்தபடியே சிகிச்சை செய்யலாம் என்று 1959-ல் உலகத்துக்கே காட்டியது. அதே மையம் 1963-ல் வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைந்த அளவு பி6 கொடுத்தாலே ஐசோனியாசிட்டின் நரம்புத் தொல்லையைத் தடுக்கலாம் என்று கண்டது. காச நோய் மாத்திரையோடு சின்னதாக ஒரு வைட்டமின் மாத்திரையும் தருகிறார்களே, அதற்குக் காரணம் இது. "சத்து மாத்திரைதானே" என்று அதைத் தூக்கிப் போடக் கூடாது.

ஐசோனியாசிட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சிலருக்கு அது கல்லீரலையே புண்ணாக்கும். அதைக் கண்டுபிடிக்க உதவுவதும் அதே இரண்டு வரிகள்தான். செல்லுக்குள் இருக்க வேண்டிய என்சைம் ரத்தத்தில் எதற்கு வந்தது? இனி அதைப் பார்ப்போம்.

6. உள்ளே இருக்க வேண்டியவர் வெளியே நின்றால்

ரத்தத்தில் டிரான்ஸ்அமினேஸுக்கு ஒரு வேலையும் இல்லை. அதன் இடம் செல்லுக்குள். செல்கள் வயதாகிச் சாகும்போது கொஞ்சம் கசியும். அதுதான் எல்லோருக்கும் இருக்கும் சாதாரண அளவு. ஒரு உறுப்பில் ஒரே சமயத்தில் ஏராளமான செல்கள் அடிபட்டால் என்சைம் ரத்தத்தில் கொட்டும். பாய்லர் ரூமில் தரையில் தண்ணீர் நின்றால், டியூப் எங்கோ லீக் என்று தெரியுமல்லவா, அப்படி.

1954-ல் நியூயார்க்கில் லாடியூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மன் என்ற மூவர் மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. எகிறுவதைக் கண்டார்கள். ஒரு நாளுக்குள் ஏறி, சில நாட்களில் இறங்கிவிட்டது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் நியூயார்க்கிலும், இத்தாலியில் டி ரிட்டிஸ் என்பவரின் குழுவிலும், கல்லீரல் நோய்க்கு இந்த என்சைம்கள் நல்ல அடையாளம் என்று தெரிந்தது. இன்று மாரடைப்புக்கு டிரோபோனின் என்ற துல்லியமான சோதனை வந்துவிட்டது. கல்லீரலுக்கு இன்னும் இவைதான்.

எப்படி அளக்கிறார்கள்? என்சைமின் எடையைப் பார்ப்பதில்லை, அதன் வேலையைப் பார்க்கிறார்கள். சீரத்தில் அலனினையும் கீட்டோ அமிலத்தையும் சேர்த்தால் பைருவிக் அமிலம் உண்டாகும். அதை உடனே லாக்டிக் அமிலமாக மாற்றும் இன்னொரு என்சைமும், அதற்கு வேண்டிய என்.ஏ.டி.எச்.-ம் கலவையில் இருக்கும். என்.ஏ.டி.எச். 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும்; வேலை முடிந்து மாறியபின் உறிஞ்சாது. ஆகவே உறிஞ்சும் அளவு எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ அவ்வளவு என்சைம் இருக்கிறது.

ஒரு கணக்கு போடுவோம். சீரம் 0.1 மி.லி., ரீயேஜென்ட் 1.0 மி.லி., மொத்தம் 1.1 மி.லி. ஒளி கடக்கும் தூரம் 1 செ.மீ. என்.ஏ.டி.எச்.-ன் மாறிலி 6.22.

பெருக்க எண் = (1.1 × 1000) ÷ (6.22 × 0.1) = 1768

நிமிடத்துக்கு 0.02 குறைந்தால், 0.02 × 1768 = 35 யூனிட்/லிட்டர். சாதாரண அளவு. 0.2 குறைந்தால் 354. டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

ஒரு யூனிட் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் மாற்றும் வேகம். அவ்வளவுதான். தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணுக்குள் இருப்பது நாம் லேபில் எழுதும் அதே அப்சார்பன்ஸ் கணக்கு.

7. எண்ணைப் படிக்கும் முறை

மேல் எல்லை பெரும்பாலான லேப்களில் 40-ஐ ஒட்டி இருக்கும். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். தாளிலேயே போட்டிருப்பார்கள்.

முதலில், யார் எங்கே குடியிருக்கிறார் என்று தெரிய வேண்டும். எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் கல்லீரலில்தான் நிறைய. எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரல், இதயம், தசை, சிவப்பணு எல்லாவற்றிலும் உண்டு. ஊசி போட்டு எடுத்த ரத்தத்தில் சிவப்பணு உடைந்து போனாலே எஸ்.ஜி.ஓ.டி. கூடிவிடும்.

இரண்டாவது, எவ்வளவு கூடியிருக்கிறது? திடீர் வைரஸ் காமாலையிலும், பாரசிட்டமால் அளவுக்கு மீறிப் போனாலும் ஆயிரக்கணக்கில் ஏறும். கொழுப்புக் கல்லீரலில் கொஞ்சமாக ஏறும், எஸ்.ஜி.பி.டி. முந்தி நிற்கும்.

மூன்றாவது, எது பெரிது? குடியால் கல்லீரல் கெட்டவர்களுக்கு எஸ்.ஜி.ஓ.டி. மற்றதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருப்பது வழக்கம். அதற்கு ஒரு காரணம் நம் பழைய நண்பர் பி6. குடிப்பவர்களுக்கு பி6 குறைவு. அந்தக் குறைவு எஸ்.ஜி.பி.டி.யை அதிகம் பாதிக்கிறது.

இந்த மூன்றாவது விதி எங்கள் வீட்டிலேயே ஒரு சங்கடத்தை உண்டாக்கியது. என் அப்பா லோடுமேன். 50 கிலோ சிமென்ட் மூட்டைகளை லாரியிலிருந்து இறக்குபவர். காய்ச்சலுக்காக எடுத்த டெஸ்டில் எஸ்.ஜி.ஓ.டி. 112, எஸ்.ஜி.பி.டி. 48 என்று வந்தது. லேபில் இருந்தவர் தாளைப் பார்த்து, "பெரியவரே, குடியை நிறுத்துங்க" என்றார். அப்பா சொட்டு மது தொட்டதில்லை. பக்கத்தில் நின்ற உறவினர் காதில் அது விழுந்து, இரண்டு நாளில் தெரு முழுக்க, "பாவம், இத்தனை நாளா மறைச்சு வெச்சிருக்காரு" என்று பேச்சாகிவிட்டது. அம்மாகூட ஒரு நிமிடம் அப்பாவை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீதான் படிக்கிறியே, இதுல என்ன போட்டிருக்குன்னு நீயே சொல்லு" என்று அப்பா தாளை என்னிடம் நீட்டினார். இந்தக் கட்டுரைக்காகப் படித்ததெல்லாம் அன்றைக்குத் தொடங்கியதுதான்.

டாக்டர் முதலில் கேட்டது ஒரே கேள்வி. "என்ன வேலை பாக்கறீங்க?" சொன்னதும் தலையாட்டினார். "ரத்தம் எடுத்ததுக்கு முந்தின நாள் லோடு இறக்கினீங்களா?" "ரெண்டு லாரிங்க." இன்னொரு டெஸ்ட் எழுதினார். சி.கே. என்று பெயர். அது தசையில் இருக்கும் என்சைம், கல்லீரலில் கிடையாது. அது நிறைய ஏறியிருந்தது. "இது லிவர் இல்ல, தசை. பத்து நாள் வெயிட் தூக்காம இருந்துட்டு வாங்க" என்றார். பொங்கல் லீவோடு சேர்த்துப் பத்து நாள் கழித்து எடுத்தபோது 34, 30. ஒரே மூட்டை, ஒரே முதுகு, ஒரே என்சைம். யாரிடம் கேட்கிறோம், என்ன கேட்கிறோம் என்பதில்தான் ஒரு மனுஷனின் மானம் இருக்கிறது.

நான்காவது விதி எல்லாவற்றிலும் முக்கியம். இந்த எண்கள் கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்வதில்லை. எத்தனை செல் இப்போது அடிபடுகிறது என்று மட்டுமே சொல்கின்றன. 'லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்' என்று தலைப்பு இருந்தாலும், வேலையைச் சொல்வது அல்புமின், பிலிருபின், ரத்தம் உறையும் நேரம் ஆகியவைதான். பல ஆண்டுகளாகச் சுருங்கிப்போன கல்லீரலில் கசிவதற்கே செல் மிச்சமில்லாமல் எண் நார்மலாக இருக்கலாம். கடுமையான காமாலையில் எண் சரசரவென்று இறங்குவதும் எப்போதும் நல்ல செய்தி அல்ல. எண் இறங்கி, மஞ்சள் கூடி, ஆள் பேச்சில் தடுமாறினால், வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காச நோய் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. எண் கொஞ்சம் ஏறியதைப் பார்த்துத் தானாக மருந்தை நிறுத்தக் கூடாது. வாந்தி, வயிற்று வலி, மஞ்சள் போன்ற குறிகளோடு மேல் எல்லையைப் போல மூன்று மடங்கு ஏறினாலோ, குறியே இல்லாமல் ஐந்து மடங்கு ஏறினாலோ டாக்டர் மருந்தை நிறுத்தி மாற்றுவார். குறி தெரிந்தால் அன்றைக்கே போய்ச் சொல்ல வேண்டும். முடிவு அவருடையது.

முடிவாக

பாக்டீரியா காலத்திலிருந்து நான்கு இடங்களை மாற்றாமல் காப்பாற்றிக்கொண்டு வந்த ஒரு குடும்பம், தினமும் சத்தமில்லாமல் நம் சாப்பாட்டின் நைட்ரஜனைக் கை மாற்றுகிறது. வேலைக்கு அது இருக்க வேண்டிய இடம் செல்லின் உள்ளே. வெளியே வந்தால் அது ஒரு செய்தி. ஆனால் செய்தியில் பாதிதான் எண். மீதி, அந்த ஆள் என்ன சாப்பிடுகிறார், என்ன மருந்து எடுக்கிறார், என்ன வேலை செய்கிறார் என்பதில் இருக்கிறது.

நண்பர்களே, நம்மில் பலருடைய வீட்டில் ஆங்கிலத் தாளைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நாம்தான். நாளைக்கு ஒரு தாள் நம் கைக்கு வரும்போது, எண்ணை மட்டும் படித்துத் தீர்ப்பு சொல்லிவிட வேண்டாம். லேபின் மேல் எல்லையைப் பாருங்கள். இரண்டில் எது பெரிது என்று பாருங்கள். பக்கத்தில் பிலிருபினையும் அல்புமினையும் பாருங்கள். முந்தின நாள் செய்த வேலையையும் சாப்பிடும் மாத்திரைகளையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, டாக்டரிடம் கூடவே போய் நில்லுங்கள். படித்ததற்கு அது ஒரு நல்ல பயன்.